கோயில் வாசலில் ஓடிய எலக்ட்ரான்

மலைமேலிருந்த குண்டனி நாட்டில் தான் பிறந்த ஊருக்கே ஆயம்மாள் டீச்சராக வந்தது 1963-ல். சிறுமியாகச் சேந்தமங்கலத்துக்கு நடந்தே இறங்கி, விடுதியில் தங்கிப் படித்து, சேலத்தில் பயிற்சி முடித்தவள்.

தை மாதம் எட்டாம் வகுப்புக்கு அணுப் பாடம் வந்தது. கரும்பலகையில் புள்ளி வைத்து, சுற்றி வட்டம் போட்டாள். நடுவில் புரோட்டான், வட்டத்தில் எலக்ட்ரான் என்றாள். பிள்ளைகள் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல் அவளுக்குத் தெரியும். புரியாத நாட்களில் அவளும் அப்படி ஆட்டியவள்தான்.

மறுநாள் எல்லாரையும் சாமை அறுத்த காட்டுக்குக் கூட்டிப்போனாள். நடுவிலிருந்த பாறைமேல் ஒற்றை மிளகை வைத்தாள்.

"இது புரோட்டான்னு வச்சுக்குங்க. எலக்ட்ரான் எங்க சுத்தும்?"

பிள்ளைகள் பாறையின் விளிம்பைக் காட்டினார்கள். அவள் கூப்பிடு தூரத்தில் நின்ற பலாமரத்தைக் காட்டினாள். "அவ்வளவு தள்ளி. நடுவுல ஒண்ணுமே கிடையாது. இதுதான் ஹைட்ரஜன் அணு. யாரு ஓடறீங்க?"

கண்ணாயி எழுந்தாள். சமீபத்தில்தான் வயதுக்கு வந்தவள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெரிய வட்டமாக ஓடினாள். வட்டம் கோயில் வாசலை வெட்டிக்கொண்டு போனது. வயதுக்கு வந்த பெண்கள் மிதிக்கக் கூடாத இடம் அது.

அன்று பொழுது சாய்வதற்குள் ஊர் கூடிவிட்டது. ஊர்க் கவுண்டர் ராசப்பன் கேட்டார்.

"கோயில் வாசல்ல பொம்பளப் புள்ளய எதுக்கு ஓட வெச்ச?"

"பாடமுங்க. வட்டம் அந்த வழியாத்தான் போச்சு."

"வட்டத்தச் சின்னதாப் போட்டிருக்கலாமில்ல?"

"போட்டா அது பொய்யாயிருமுங்க. நீங்க உக்காந்திருக்கிற கல்லு, கோயில் கல்லு, என் கை, எல்லாத்துக்குள்ளயும் எலக்ட்ரான் இருக்குதுங்க. அதுக்கு ஆம்பள பொம்பள கிடையாதுங்க."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. சபையில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பானது. அவள் அப்பா பழனிமுத்து பக்கத்தில் வந்து, "ஒருதடவ உளுந்துரு கண்ணு. ஊரு இது," என்றார்.

"தப்பு செஞ்சிருந்தா உளுந்திருப்பேனுங்க அப்பா," என்று சொல்லிவிட்டு ஆயம்மாள் நடந்தாள்.

ஊர் அவர்கள் வீட்டை விலக்கி வைத்தது. கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை. அம்மா குப்பாயி நெடுந்தூரம் இறங்கி ஓடைத் தண்ணீர் சுமந்தாள். ஆயம்மாளுக்கு அதைப் பார்ப்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கண்ணாயியின் படிப்பை அவள் வீட்டார் நிறுத்தினார்கள். அதோடு பெரிய வகுப்பில் பெண்ணே இல்லாமல் போனது. விஷயம் கேள்விப்பட்டு வந்த கல்வி அதிகாரி, மலைக்குக் கீழே உள்ள பள்ளி ஒன்றுக்கு மாற்றல் தருவதாகச் சொன்னார்.

"இப்ப நான் இறங்கிப் போனா இந்த ஊருக்கு இன்னொரு டீச்சர் வரமாட்டாங்க சார். வந்தாலும் வட்டத்தச் சின்னதாப் போடுவாங்க."

அடுத்த தை பிறந்தது. அதே காடு, அதே பாடம். செய்தி முன்கூட்டியே பரவியதால் கோயில் வாசலில் ராசப்பக் கவுண்டர் ஆட்களோடு நின்றார். மிளகை வைத்துவிட்டு ஆயம்மாள் சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"இந்த வருசம் நானே எலக்ட்ரான்."

ஓடினாள். கோயில் வாசலில் வேகத்தைக் குறைக்காமல், கவுண்டரின் முகத்தைப் பார்த்தபடியே கடந்தாள். டீச்சர் மேல் கை வைக்க ஒருவரும் துணியவில்லை. இரண்டாம் சுற்றில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. கண்ணாயி. அடுப்படியிலிருந்து அப்படியே வந்திருந்தாள், கையெல்லாம் மாவு.

"ரெண்டு எலக்ட்ரானா டீச்சர்?" என்று பாறையருகிலிருந்து பிள்ளைகள் கத்தினார்கள்.

"அப்ப ஹீலியம்," என்றாள் ஆயம்மாள் மூச்சிரைத்தபடி. "நடுவுல இன்னொரு மிளகு வைங்க. கூடவே ரெண்டு துவரை. அது நியூட்ரான்."

கண்ணாயியின் தகப்பன் காத்தான் வரப்பில் வந்து நின்றார். மகளை இழுத்துப்போகத்தான் வந்திருந்தார். அவள் ஓடுவதைப் பார்த்தவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை கண்ணாயி வகுப்பில் தன் பலகைமேல் வந்து உட்கார்ந்தாள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். விலக்கை யாரும் முறையாக எடுக்கவில்லை. ஒருநாள் குப்பாயி குடத்தோடு கிணற்றுக்குப் போனாள், இருந்தவர்கள் நகர்ந்து இடம்விட்டார்கள். ராசப்பக் கவுண்டர் மட்டும் சாகும்வரை ஆயம்மாளோடு பேசவில்லை. அவளும் போய்ப் பேசவில்லை.