ஆற்றங்கரை ஆலையிலிருந்து வந்த அத்தை

மாமா ரஷ்யாவிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு எங்கள் மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது நான் சின்னப் பிள்ளை. அவரை இன்று அத்தை என்கிறேன். அன்று எங்கள் நோர்வூட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், எல்லோரும் அவருக்கு வைத்த பெயர் தொரசாணி. வெள்ளைத் தோலென்றால் தோட்டத் துரையின் மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்பது பாட்டன் காலத்துக் கணக்கு.

மாமா அம்மாவின் தம்பி. பெற்றோர் போன பிறகு கொழுந்து பறித்து அவரை ஆளாக்கியவள் அம்மா. உதவிப் பணம் கிடைத்து, வோல்கா ஆற்றங்கரையில் ஏதோ ஒரு சிறு நகரத்துக்குக் கப்பல் வேலை படிக்கப் போனவருக்கு அங்கேயே வேலையும் கிடைத்திருந்தது. வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார்.

“அக்கா, நீ சரின்னா இவங்களக் கட்டிக்கிட்டு அங்கயே இருந்துர்றேன். இவங்க அம்மாவப் பாத்துக்க வேற ஆளு இல்ல. வேணாம்னா இவங்கள அனுப்பிட்டு இங்கயே இருந்துர்றேன்.”

அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வேளாவேளைக்குப் பால் டீயும் பிஸ்கட்டும் மட்டும் நீட்டினாள். மிச்ச பிஸ்கட் எல்லாம் என் பங்கு என்பதால் எனக்கு இந்தக் கோபம் நீடித்தால் தேவலை என்றிருந்தது.

அத்தை பேசுவார், மாமா தமிழில் சொல்வார், நான் வாயைப் பிளந்து கேட்பேன். எதிர்க்கரை ஆள் எறும்பாய்த் தெரிகிற ஆறாம் அது. குளிரில் உறைந்தால் மேலே லொறி ஓடுமாம். ஒரு காலத்தில் தானியப் படகுகளை ஆட்களே நெஞ்சில் பட்டை கட்டிக்கொண்டு, கரையோடு நடந்து இழுத்தார்களாம். வடம் திரிக்க ஓர் ஆலை, நாரில் துணி நெய்ய ஓர் ஆலை, தானிய வியாபாரிகளுக்குச் செங்கல் மாளிகைகள். மாலையில் எங்கள் லயத்துக்குக் கீழே பள்ளத்தில் மூடுபனி நிறைந்து நகரும்போது வாசலில் உட்கார்ந்து பார்ப்பேன். அதுதான் ஆறு என்று தோன்றும். எங்கள் லயம் கட்டவிழ்ந்து மெல்ல மிதந்து போகும். நானும் எங்கேயோ போய்க்கொண்டிருப்பேன். சாப்பிடக் கூப்பிட்டால் எரிச்சல் வரும்.

ஒரு மாலை அம்மா வெடுக்கென்று கேட்டாள்.

“இவங்க அம்மா பெரிய பங்களாவிலயா இருக்காங்க?”

“பங்களாவா? ஆலைக்காரன் கட்டிக் குடுத்த வரிசைதாங்க்கா. நம்ம லயம் மாதிரியே குடும்பத்துக்கு ஒத்த ரூம், ஒரு காம்பரா. விடியுமுன்ன சங்கு ஊதும். நாரு தூசியில இருமி இருமி இவங்க அம்மாவுக்கு நெஞ்சு கெட்டுப்போச்சு. இப்ப ஆலையையும் மூடிட்டாங்க.”

“நம்ம மாதிரி வேலைக்கு முன்ன வரிசையில நிக்கிற பெரட்டும் உண்டா?”

“பேரு கூப்பிட்டுத்தான் உள்ள விடுவாங்களாம்.”

அம்மா முதன்முறையாக அத்தையை நேராகப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போனாள்.

எங்கள் வீடுகளில் பால் டீ விருந்தாளிக்கு. வீட்டு ஆட்களுக்குப் பால் இல்லாத பிளேன்டீதான். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே குடிப்போம். அம்மா பிளேன்டீ கொண்டுவந்து அத்தையிடம் கொடுத்து, “கையக் காட்டும்மா” என்று உள்ளங்கையில் சீனியைப் போட்டாள். தன் தாயும் சீனிக்கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் குடிப்பார் என்றார் அத்தை.

எனக்கோ மானம் போயிற்று. “அம்மா, பால்மா இன்னும் இருக்கே!” என்று கத்தினேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

“அந்த ஊருக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்?” என்று அம்மா தம்பியிடம் கேட்டாள்.

“ரெண்டு பிளேன் மாறணும்க்கா. அப்புறம் ஒரு ராத்திரி ரயில்ல.”

“ஜன்னல் சீட்டு எனக்குத்தான்!” என்று குதித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். சிரித்தபடியே மாமாவின் தலையை வருடினாள், வருடிக்கொண்டே இருந்தாள். நான் உள்ளே ஓடி, குளிருக்கு ஆகுமென்று என் ஸ்வெட்டரை மடித்து வைத்தேன். அம்மா கேட்டது நாங்கள் போவதற்காக அல்ல என்பது எனக்குத் தெரியவில்லை.