மதிவாணன் அண்ணன் லோரியை நிறுத்திய ஞாயிறு

மதிவாணன் அண்ணன் உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் லோரிக்குள்தான் பார்க்க வேண்டும். அதுவும் லோரி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மற்ற நேரத்தில் மனிதர் நின்றுகொண்டே தோசை தின்பார், நடந்துகொண்டே போன் பேசுவார். பாசிர் கூடாங்கில் எங்கள் ஆபீசுக்கு வந்தால், என் மேசைக்கு முன்னால் நாற்காலி சும்மா கிடக்கும். இவர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு, "டிரிப் சீட்ட குடு தங்கச்சி, குடு, நான் போறேன்" என்று உயிரை வாங்குவார். மாசாய் ஃபிளாட்டில் தங்கள் வீட்டு சோபா இன்னும் புதிதாகவே இருக்கிறது என்று அவர் மனைவி பிரேமலா சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. எந்த டேங்கர் லோரி எங்கே போக வேண்டும் என்று அனுப்பிவைப்பது என் வேலை. மற்ற ஓட்டுநர்கள் எல்லாரும் சேர்ந்து கொடுக்காத தலைவலியை இவர் ஒருவரே கொடுப்பார்.

எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான். "வந்துக்கிட்டே இருக்கேன்." டோல் சாவடியில் இருந்தாலும் அதேதான், இன்னும் வீட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்தாலும் அதேதான். அந்தப் பதிலை நம்பி ஏமாந்தவர்களில் முதல் ஆள் அவருடைய தங்கை செல்வராணி. காஹாங்கில் செம்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவர் கல்யாணத்துக்கு அண்ணன் வந்து சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. வளைகாப்புக்கு நேரத்தோடு வந்தார், ஆனால் வளையல் அடுக்கி முடிப்பதற்குள் கிளம்பிவிட்டார்.

பல வருடம் காத்திருந்து செல்வராணிக்குப் பிறந்த பெண் குழந்தை லோஷினி. அவளுக்குக் காது குத்த நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் என்று இருப்பது இவர் ஒருவர்தான். செல்வராணி போனில் சொன்னதை அண்ணன் என் மேசைக்கு முன்னால் நின்று அப்படியே ஒப்பித்தார்.

"பன்னெண்டு மணிக்கு எமகண்டம் வந்துரும். அதுக்குள்ள வந்தா உன் மடி. வரலன்னா என் மடியிலயே வெச்சு குத்திருவேன். அப்புறம் தாய்மாமன்னு சொல்லிக்கிட்டு என் வாசப்படி மிதிக்காத."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சாவி மட்டும் விரலில் சுற்றவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காஹாங் பக்கத்தில் ஒரு செம்பனை ஆலையில் எண்ணெய் ஏற்றும் வேலை இருந்தது. அதை அவருக்கே போட்டுக் கொடுத்தேன். காலியாகப் போகலாம், காதுகுத்தைப் பார்க்கலாம், சாயங்காலம் எண்ணெயோடு திரும்பலாம். இதைவிட வசதியாக எந்த முதலாளியும் லீவு தரமாட்டான்.

இங்கே அந்த லோரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது புது வண்டி. புகைக்குழாயில் ஒரு பில்டர் இருக்கிறது. டீசல் கரியெல்லாம் அதில் தங்கும். தங்கிய கரியை வண்டியே சூடேற்றி எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதை எங்கள் ஆட்கள் ரீஜென் என்பார்கள். நெடுஞ்சாலையில் ஓடினால் ஓடும்போதே அது நடந்துவிடும், ஓட்டுபவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் எண்ணெய்த் தொட்டிகள் இருக்கும் இடத்துக்குள் அப்படிச் சூடேறினால் ஆபத்து. அதனால் வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா, ரீஜெனைத் தடுக்கும் சுவிட்சை அழுத்தச் சொல்லித்தான் உள்ளே விடுவார். வெளியே வந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அழுத்தி எத்தனை தடவை எடுப்பது என்று அண்ணன் அதை நிரந்தரமாக அழுத்தியே வைத்துவிட்டார்.

வண்டி சும்மா இருக்குமா? டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கைப் போட்டது. ஓட்டும்போது அந்த விளக்கு கண்ணை உறுத்தியது. இவர் ஒரு சின்ன முருகன் படத்தை வாங்கி, சரியாக அந்த விளக்கின் மேலேயே ஒட்டிவிட்டார். பின்னால் மஞ்சள் வெளிச்சம், முன்னால் வேலோடு முருகன். ஒரு நாள் அந்த லோரியில் ஏறிய பிரேமலா, படம் இப்படி ஜொலிக்கிறதே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாராம்.

ஞாயிறு காலை நான் பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டுச் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. லோரிகள் போடும் எச்சரிக்கையெல்லாம் என் போனுக்கும் வரும். மதிவாணன் வண்டி, பில்டரில் கரி அதிகம். கை ஈரம், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். மறுபடி அதிர்ந்தது. மீன் செதிலோடு விரலை வைத்துப் பார்த்தேன். இந்த முறை சிவப்பு. எஞ்சின் வேகம் குறைக்கப்படுகிறது என்று போட்டிருந்தது. கூப்பிட்டேன்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"வந்துக்கிட்டே இருக்கேன்."

"என்கிட்ட எதுக்கு அத சொல்றீங்க? வண்டி இழுக்குதா?"

"குளுவாங் தாண்டிட்டேன் தங்கச்சி. என்னமோ தெரியல, மிதிச்சா போக மாட்டேங்குது. மோட்டார்சைக்கிள்காரன்லாம் தாண்டிப் போறான் லா."

"மஞ்ச லைட் எரியலயா உங்களுக்கு?"

"முருகனுக்குப் பின்னால எரியுது," என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு மீனைத் தூக்கித் தொட்டியில் வீசினேன். காலையிலிருந்து நெடுஞ்சாலையில் ஓடியிருக்கிறார். அந்த ஒரு சுவிட்சை எடுத்துவிட்டிருந்தால் அந்த ஓட்டத்திலேயே பில்டர் தானாகச் சுத்தமாகியிருக்கும். இனி ஓடிக்கொண்டே செய்ய முடியாது. ஓரமாக நிறுத்தி, பட்டனை அழுத்தி, முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதை விட்டு நடுவில் போகவும் கூடாது. குழாய் அடுப்பு மாதிரிக் கொதிக்கும், ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

"நிறுத்துங்க அண்ணே."

"மணி பதினொன்னேகால் ஆவப் போவுது தங்கச்சி. நிறுத்துனா அவ்வளவுதான். இப்படியே உருட்டிக்கிட்டே போயிடுறேன்."

"உருட்டுனா கரி இன்னும் ஏறும். அப்புறம் பட்டனும் வேலை செய்யாது, வொர்க்‌ஷாப்ல இருந்து ஆள் வந்து கழட்டணும். நடுரோட்டுல நிப்பீங்க."

"ஓடிக்கிட்டாவது இருக்கேன்ல!"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நாற்பத்தைந்து வயது மனிதர், சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினார். எனக்கும் கால் தரிக்கவில்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தேன். போனில் அவர் வண்டிப் புள்ளி மெர்சிங் சாலையில் எறும்பு மாதிரி ஊர்ந்தது. இன்னொரு எச்சரிக்கை வந்தது. உடனே நிறுத்தவும்.

"அலமாக்," என்று பதறினார் அண்ணன். அவருக்கும் அதே செய்தி வந்திருக்க வேண்டும். அப்புறம், "இங்க எல்லாம் காஞ்ச மட்டையா கெடக்கு. தீப்பிடிச்சுக்கும். கொஞ்சம் தள்ளிப் போறேன்," என்றார். செம்பனை வரிசை முடிந்து, மூடிக் கிடந்த ஒரு பழக்கடைக்கு எதிரே செம்மண் திடல் வந்தது. அங்கே நிறுத்தினார். சுவிட்சை எடுத்தார். பட்டனை அழுத்தினார். எஞ்சின் உறுமும் சத்தம் எனக்கே கேட்டது.

"இப்ப ராணிகிட்ட என்ன சொல்றது?" என்றார். "வந்துக்கிட்டே இருக்கேன்னு..."

"அண்ணே, இன்னொரு தடவ அத சொன்னீங்கன்னா நானே உங்க வேலைய எடுத்துருவேன்!" என்று கத்திவிட்டேன். "எங்க நிக்கிறீங்களோ அத சொல்லுங்க. எதுக்கு நிக்கிறீங்களோ அதையும் சொல்லுங்க."

என்னைப் பேச்சில் வைத்துக்கொண்டே தங்கையையும் கூப்பிட்டார். தைரியத்துக்கு ஆள் வேண்டும் போலிருக்கிறது. பின்னால் மேளம் கேட்டது, பிள்ளைகள் சத்தம் கேட்டது.

"ராணி, என்னால வர முடியல. லோரி நின்னுருச்சு. நான் லைட்ட மறைச்சு வெச்சிருந்தேன், என் தப்புதான். காஹாங்குக்கு முன்னால பழக்கடை இருக்குல்ல, மூடிட்டாங்களே, அதுக்கு எதுத்தாப்புல நிக்கிறேன். பன்னெண்டு மணிக்கு மேலதான் எடுக்க முடியும். நீ பாப்பாவ உன் மடியில வெச்சுக்க."

செல்வராணி பட்டென்று போனை வைத்துவிட்டார்.

என் இணைப்பைத் துண்டிக்காமலே அண்ணன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லோரியைச் சுற்றிச் சுற்றி நடப்பது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. நான் மீனுக்கு மஞ்சள் தடவினேன், ஏற்கெனவே தடவியிருந்தது தெரியாமல். இந்த மனிதருக்காக நான் ஏன் இப்படித் தவிக்கிறேன் என்று எரிச்சலாக இருந்தது. வைத்துவிடலாம் என்று போனை எடுத்தபோது அந்தப் பக்கம் வேன் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, இரண்டு.

"அந்த நாற்காலிய அந்தப் பக்கம் போடுங்க, சூடு இல்லாத பக்கம்," என்று ஒரு பெண் குரல். "ஆசாரி, நீங்க நெழல்ல ஒக்காருங்க."

"ராணி... என்ன இது, எல்லாரையும் கூட்டிக்கிட்டு..."

"நீ எப்பவும் வந்துக்கிட்டே இருக்கேன்னுதான் சொல்லுவ. எங்க இருக்கன்னு சொன்னதே இல்ல. அப்புறம் உன்ன நான் எங்கன்னு வந்து தேடுறது?" செல்வராணியின் குரல் உடைந்தது. "இன்னைக்குத்தான் நிக்கிற எடத்த சொன்ன. வந்துட்டேன். ஒக்காரு."

நாற்காலி கிறீச்சிட, அண்ணன் உட்கார்ந்தார். எஞ்சின் உறுமலையும் மீறி லோஷினி வீறிட்டு அழுதது என் சமையலறை வரை கேட்டது. முதல் காதுக்கு ஒரு தடவை, இரண்டாவது காதுக்கு இன்னும் பெரிதாக. யாரோ கைதட்டினார்கள். அண்ணன், "முடிஞ்சுது கண்ணு, முடிஞ்சுது, மாமன் இருக்கேன்ல," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மஞ்சள் கையோடு நின்று அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து என் போனில் பச்சை வந்தது. பில்டர் சுத்தமாகிவிட்டது. எஞ்சின் சத்தமும் தணிந்தது.

"அண்ணே," என்று கூப்பிட்டேன். "ரீஜென் முடிஞ்சிருச்சு. ஆலையில உங்களுக்குக் குடுத்த நேரம் போயிரும். கெளம்புங்க."

"மெதுவா பேசு தங்கச்சி," என்றார் மதிவாணன் அண்ணன். "பாப்பா மடியிலயே தூங்கிருச்சு. ஆலைக்குப் போன் போட்டு வேற நேரம் கேளு. நான் எந்திரிக்க மாட்டேன்."