மழை பெய்தால் வருவேன்

நான் முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டோடு குடித்தனம் நடத்தியவன். பத்து மணி தாண்டி வருகிறவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு சுழி போடுவதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன். ஓய்வு பெற்றதோடு அந்தச் சுகமும் போயிருக்க வேண்டும். போகவில்லை. அதனால் படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு பெண்ணுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ஆரல்வாய்மொழிக்கு மேற்கே, நெல் விளைகிற பக்கம். மனைவி வழி வீடு அருமனையில் சும்மா கிடந்ததால் ஓய்வுக்குப் பிறகு அங்கே குடிவந்தோம். எங்கு திரும்பினாலும் ரப்பர் மரம். அந்த ஊரில் இருபது பேர் சேர்ந்து, எழுந்து நடமாட முடியாதவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து வந்தார்கள். குளிப்பாட்டுவது, புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, நகம் வெட்டுவது, கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பது. யாருக்கும் கூலி கிடையாது. நானும் சேர்ந்தேன். நோயாளியைத் தொட்டுச் செய்கிற வேலை எனக்கு வரவில்லை. கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று என்னைச் செயலாளராக்கினார்கள்.

எங்கள் நோயாளிகளில் ஒருவரை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டோம். முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டியாபீஸில் வேலை பார்த்தவர். வழுக்கி விழுந்ததில் முதுகெலும்பு போய், இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மகன் வளைகுடாவில். மருமகள் காலையில் துணிக்கடைக்கு வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். அதுவரை அக்காவும் ஒரு ஜன்னலும்தான்.

அவரை வலிக்காமல் புரட்ட எங்களில் ஒருத்திக்குத்தான் தெரியும். ஐம்பது வயதிருக்கும் அவளுக்கு. பால்வெட்டுக்குப் போகிறவள். விடியுமுன் தோட்டத்துக்குப் போய் ரப்பர் மரப்பட்டையைச் சீவிவிட்டு, சிரட்டையில் வடிந்த பாலை எடுத்து, உறைய வைத்து, ரப்பர் ஷீட்டாக அடித்து முடிக்கும்போது மத்தியானம் ஆகிவிடும். சேர்ந்த அன்றைக்கே அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்:

"வெட்டு உள்ள அன்னைக்கு எனக்கு வர ஒக்காது சாரே. மழை பெஞ்சா வருவேன்."

மழையில் பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் சிரட்டைக்கு வராமல் மரத்தோடு ஒழுகிப் போய்விடும். எனவே மழை நாள் அவளுக்கு விடுமுறை. அந்த விடுமுறை முழுவதையும் அவள் அக்காவுக்குக் கொடுத்தாள். குளிப்பாட்டி, பேன் பார்த்து, எண்ணெய் தேய்த்து, அறுபது வயதுக்காரிக்கு இரட்டைச் சடை பின்னிவிடுவாள். இருவரும் என்னத்தையோ சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் மருந்தோடு போய் நின்றால் சிரிப்பு நின்றுவிடும்.

ஜன்னலை அடைக்க அக்கா யாரையும் விடமாட்டார். சாரல் அடித்துப் போர்வை நனைந்தாலும் திறந்தே கிடக்க வேண்டும். நான் போனால் முதல் கேள்வி, "சாரே, மேக்க கருத்திருக்கா?" என்பதுதான். கருத்திருக்கிறது என்றால் சீப்பை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைக்கச் சொல்வார்.

ஒரு வருஷம் போனது. இருபது பேர் பதினான்காகி, பத்தானார்கள். ஒருத்திக்குப் பேரன் பிறந்துவிட்டான், ஒருவருக்கு மூட்டு வலி, ஒருவருக்குக் காரணமே இல்லை, போனை எடுப்பதில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. பயமும் வந்தது. இவர்களும் போய்விட்டால் அந்தக் கட்டில்களில் கிடப்பவர்களை யார் போய்ப் பார்ப்பது? யோசித்து யோசித்து எனக்குத் தெரிந்த ஒரே மருந்தை எடுத்தேன். நீளமான நோட்டு ஒன்று வாங்கி, கோடு போட்டு, ஆளுக்கொரு கிழமை ஒதுக்கினேன். போனால் கையெழுத்து. போகாவிட்டால் சுழி.

பால்வெட்டுக்காரிக்குப் புதன்கிழமை. அவள் மறுபடியும் மழையைப் பற்றிச் சொன்னாள். நான் எல்லோரும் கேட்க, "மழைய நம்பி ஒரு சங்கத்த நடத்த முடியுமாம்மா?" என்றேன். சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எங்கள் பக்கம் மழை பெய்தால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு ஓடுவார்கள். மழை என்றால் வேலை என்றே வளர்ந்த எனக்கு, அது ஒருத்திக்கு ஓய்வு என்பதும், அந்த ஓய்வுதான் அவள் கையில் கொடுப்பதற்கு இருந்த ஒரே பொருள் என்பதும் மண்டையில் ஏறவில்லை.

வெயிலடித்த புதன்கிழமைகளில் அவள் ஷீட் அடித்த கையோடு, பால் வாடையோடு, மத்தியானம் தாண்டி ஓடி வந்தாள். வந்தவளுக்கு நிற்கத் தெம்பில்லை. அப்புறம் ஒரு வாரம் வரவில்லை, இன்னொரு வாரமும் வரவில்லை. ஒரு திங்கள்கிழமை நல்ல மழை. பழக்கத்தில் குடையோடு அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே திங்கள்கிழமைக்காரி இருந்தாள். "இன்னைக்கு எனக்க முறையாக்கும். சார் மாத்தப்பிடாதுன்னு செல்லியிருக்காரு" என்று சொல்லியிருக்கிறாள். இவள் வாசலோடு திரும்பிவிட்டாள். அக்கா உள்ளேயிருந்து கூப்பிட்டது மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

மாதக் கூட்டம் ஒரு சபை மண்டபத்தில் நடக்கும். அந்த மாதம் நான் நோட்டைத் திறந்து ஒவ்வொருவர் பெயராக வாசித்தேன். அவள் முறை வந்தது. "அஞ்சு புதன். ரெண்டு நாள் வரல்ல. இப்பிடி இருந்தா எப்பிடி?" அலுவலகத்தில் இப்படி வாசித்தால் மறுநாள் ஒழுங்காக வருவார்கள். சம்பளத்தில் கை வைத்துவிடுவேன் என்று தெரியும். இங்கே சம்பளம் இல்லை. நான் கை வைத்தது அவளுடைய மரியாதையில். கூட்டம் முடிந்ததும் எப்போதும்போல எல்லோருடைய டீ கிளாசையும் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனாள். நான் அதைப் பார்த்து, கண்டிப்பு வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள்.

அதன் பிறகு அவள் வரவில்லை. அவளைத் தொடர்ந்து இன்னும் மூன்று பெண்கள் நின்றுவிட்டார்கள்; அதில் திங்கள்கிழமைக்காரியும் ஒருத்தி. வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்தது. நாள் முழுக்க ஓட்டில் சத்தம். அக்கா சீப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கிடந்தார். ஆள் இல்லாததால் மருமகள்தான் ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டினாள். முதுகில் புண் வந்தது. தலைமுடி சிக்குப்பிடித்து ஒரு உருண்டையானது.

"இம்புட்டு மழை பெய்யுது, அவ வரல்லியே சாரே. அவளுக்கு தீனம் ஏதும் பிடிச்சிருக்கா?"

"போயி பாத்துட்டு வாறேன்" என்றேன்.

போனேன். மன்னிப்புக் கேட்க நான்கு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"தப்பு எனக்கதும்மா. ஒனக்கு ஒக்குத அன்னைக்கு வந்தா போதும். மழை பெஞ்சா வா" என்றேன்.

"இனி மழை பெஞ்சாலும் ஒக்காது சாரே" என்றாள். "மொதலாளி ஒரு வருஷமா கேட்டுட்டே இருந்தாரு, மரத்துக்கு பிளாஸ்டிக் கெட்டினா மழையிலயும் வெட்டலாம், நீ வருவியான்னு. அக்காவ நெனச்சு நான் ஒக்காதுன்னு செல்லிட்டிருந்தேன். நீங்க எனக்க பேர வாசிச்சீங்கல்லா, அந்த வாரம் செரின்னு செல்லிட்டேன்."

திரும்பி வருகிற வழியில் தோட்டத்தைப் பார்த்தேன். மரத்துக்கு மரம் வெட்டுக்கு மேலே பாவாடை கட்டியதுபோல் பிளாஸ்டிக். மழை அதன் மேல் விழுந்து வழிந்துகொண்டிருந்தது. ஒரு நோட்டும் கொஞ்சம் சிவப்பு மையும் வைத்துக்கொண்டு நான் செய்த வேலை இது.

அக்காவிடம் பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். வரவில்லை. நான் நோட்டு போட்டது, வாசித்தது, அவள் மழை நாளை வேலைக்குக் கொடுத்துவிட்டது எல்லாவற்றையும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே மழை வலுத்தது. சாரல் ஜன்னல் வழியாக அவர் கால்மேல் விழுந்தது. அந்தக் காலுக்கு அது தெரியாது.

திட்டுவார் என்று காத்து நின்றேன். அவர் சீப்பை என்னிடம் நீட்டினார்.

"இத எங்கயாம் வையுங்க சாரே. ஜன்னல அடச்சிருங்க."

அடைத்தேன்.