விடுமணி

பங்களாவைப் பார்க்க வருகிறவர்களிடம் அக்கா முதலில் சொல்வது, "செருப்பக் கழட்ட வேண்டாம், அப்படியே வாங்க" என்பதுதான். சொல்லிவிட்டுத் தன் செருப்பை மட்டும் படியோரம் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவாள். யாராவது கேட்டால், "எனக்கு அப்படிப் பழகிப்போச்சு" என்பாள். முன்வாசல் வழியாக அவள் முதன்முதலில் உள்ளே போனபோது காதோரம் நரைக்கத் தொடங்கியிருந்தது. அதுவரை அவளுக்குக் கொல்லைப்புறக் கதவுதான், அதுவும் அடுப்புச் சாம்பல் அள்ள. துரைமார் போய், கம்பெனி மாறி, பங்களாவைச் சுற்றிக் காட்டிக் காசு பார்க்கலாம் என்று முடிவானபோது, இந்த வீட்டின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவள் என்று அவளையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டார்கள். பங்களாக்கா என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது.

நான் டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவள். வேற்று மொழிக்காரர்கள் வந்தால் கூடவே போய் அவள் சொல்வதை அவர்கள் மொழியில் சொல்வேன். அவள் சொல்வதெல்லாம் மேனேஜர் எழுதிக் கொடுத்தது. சாப்பாட்டு மேசை, பிரம்பு நாற்காலி, சுவரில் கண்ணாடிக் கண்ணோடு பார்க்கும் மான் தலை. மாடியில் கப்பலில் வந்த இரும்புக் குளியல் தொட்டி. "இந்தத் தொட்டி தோளில் சுமந்தே மலைக்கு ஏற்றப்பட்டது" என்று ஒரு வரி வரும். யார் தோள் என்று அதில் இல்லை. அக்கா அந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்திவிட்டு அடுத்த அறைக்குப் போவாள். அவளுடைய தாத்தா அந்தத் தொட்டியைச் சுமந்ததில் இடுப்பு விட்டுப்போனவர் என்பது எனக்குத் தெரியும். வருகிறவர்களுக்குத் தெரியாது.

கடைசியில் மணி. புல்வெளி முடிகிற இடத்தில், சின்னத் தகரக் கூரைக்குக் கீழே தொங்கும். அங்கிருந்து பார்த்தால் மேலே தேயிலைச் சரிவு, கீழே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் ஓடுகள். "இந்த மணியோசை கேட்டதும் தொழிலாளர்கள் உற்சாகமாக வேலைக்குக் கிளம்புவார்கள். விரும்புகிறவர்கள் அடித்துப் பார்க்கலாம்." அடித்துப் பார்க்காதவர் யாரும் இல்லை. குழந்தையைத் தூக்கிப் பிடித்து அடிக்க வைப்பார்கள். புதுமணத் தம்பதிகள் சேர்ந்து கயிற்றைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த மணியில் இரண்டு மணி உண்டு. விடாமல் படபடவென்று அடித்தால் கூப்பிடு மணி. கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும். இடைவெளி விட்டு, ஒவ்வொரு அடியும் அடங்கும்வரை காத்திருந்து மெதுவாக அடித்தால் விடுமணி. வீட்டுக்குப் போகலாம். இது எழுதிக் கொடுத்ததில் இல்லை. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் மணியை மெதுவாக அடிப்பதும் இல்லை.

அக்காவும் அவள் அம்மாவும் லயத்தில் ஓர் அறையில் இருந்தார்கள். வேலை இருக்கும்வரை அறை. அம்மாவுக்கு லயத்தில் முன்வரிசைக்காரி என்று பெயர். காலையில் ஆள் எடுக்கும்போது எப்போதும் முதல் வரிசையில் நிற்பாளாம். அது சுறுசுறுப்பு இல்லை, பயம். ஒரு தடவை கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் பிந்தி வந்ததற்காக அவளைத் திருப்பி அனுப்பினார்கள். அதன்பிறகு அவள் பிந்தவில்லை. அக்காவுக்குப் பின்னால் பிறந்த அந்தக் குழந்தை தங்கவும் இல்லை.

வயதானபின் அம்மாவுக்கு நினைவு தப்பத் தொடங்கியது. முதலில் அடுப்பை மறந்தாள். பிறகு புருஷன் செத்ததை மறந்து, அவருக்கும் சேர்த்து உலை வைத்தாள். மணியை மட்டும் மறக்கவில்லை.

ஒருநாள் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் மணியைப் போட்டு உலுக்கிவிட்டுப் போனபின் தோட்டக்காரர் மூச்சிரைக்க வந்தார்.

"பங்களாக்கா, உங்கம்மா கூடையோட மேல போய்ட்டாங்க. கூப்பிட்டுப் பார்த்தேன். 'உனக்கென்ன, நீ துரைக்குப் பூப் பறிக்கிற ஆளு'ன்னு சொல்லிட்டுப் போறாங்க."

"கூடை ஏது?"

"வெங்காயம் வச்சிருந்த கூடை போல. வாசல் பூரா வெங்காயம்."

நானும் கூடப் போனேன். சரிவில் ஒரு தேயிலை நிரைக்குள் நின்று அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். கண் எங்கோ பார்த்தது. விரல்கள் மட்டும் தங்கள் வேலையைச் செய்தன.

"வாம்மா, வீட்டுக்குப் போலாம்."

"விடுமணி அடிக்கலையே."

"அடிச்சாச்சும்மா. உனக்குத்தான் கேக்கல."

"எனக்கா கேக்கல? நீ வயித்துல இருக்கும்போதே எனக்கு அந்த மணி கேக்கும். உனக்கும் கேட்டிருக்கும்."

அக்கா கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா உதறிவிட்டாள். "கங்காணி பார்க்கிறான், விடுடி." அங்கே கங்காணி யாரும் இல்லை. பனிதான் இருந்தது. அக்கா யோசித்துவிட்டுக் கீழே ஓடினாள். சற்று நேரத்தில் லயத்திலிருந்து எவர்சில்வர் தட்டில் கரண்டியால் அடிக்கும் சத்தம் வந்தது, விட்டு விட்டு, மெதுவாக.

அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "பாரு, எவளோ தட்டைத் தட்டுறா. சோறில்லாத வீடு போல."

பிறகு அக்கா பங்களா வரைக்கும் ஓடியிருக்க வேண்டும். உண்மையான மணி ஒலித்தது. ஓர் அடி, அது அடங்கியபின் இன்னொன்று. அம்மா இடுப்பைப் பிடித்து நிமிர்ந்தாள். "ம், விட்டுட்டான்" என்றாள். கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டமும் மணியடித்து முடித்ததும் அக்கா கயிற்றை வாங்கி விடுமணி அடிப்பாள். பல நாள் அம்மா வாசலில் கூடையை எடுக்கும் முன்பே அது கேட்டுவிடும். "கூப்பிட்டான், உடனே விட்டுட்டான். பைத்தியக்காரத் துரை" என்று முனகிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாளாம். வந்தவர்கள் அதையும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். எதற்கு இது என்று மேனேஜர் கேட்டதற்கு, "முன்னாடி இருந்த வழக்கம் சார்" என்றாள். அது பொய் இல்லை.

கூட்டத்தை வழியனுப்ப நேரமானால் விடுமணி பிந்தும். அந்த இடைவெளியில் அம்மா மேலே போய்விடுவாள். ஒரு வாரம் அக்கா கதவைப் பூட்டிவிட்டு வேலைக்கு வந்து பார்த்தாள். மணி கேட்டதும் அம்மா கதவில் முட்டியிருக்கிறாள். ஒருநாள் சாயங்காலம் அக்கா திறந்தபோது நெற்றி வீங்கி, நகத்தில் மரச்சிராய் ஏறியிருந்தது. "பிந்திட்டேன்டி, பிந்திட்டேன்டி" என்று அழுதுகொண்டே இருந்தாளாம். பூட்டை அக்கா எங்கோ எறிந்துவிட்டாள்.

அந்த மாதம் ஒருவர் எடுத்த வீடியோ எல்லாருடைய போனிலும் சுற்றியது. மணி அடிக்கிறது. பனிக்குள்ளிருந்து ஒரு கிழவி கூடையோடு சரிவில் ஏறுகிறாள். பார்த்தவர்கள் உருகிப்போனார்கள். அடுத்த வாரம் ஜன்னலுக்கு முன்னால் வரிசை வளைந்து நின்றது. "அந்தக் கூடைக்காரம்மா இன்னிக்கு வருவாங்களா?" என்று என்னிடம் கேட்டார்கள்.

மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். கெட்டவர் இல்லை. அக்காவை "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். உட்காரச் சொன்னார். அவள் நின்றாள்.

"உங்கம்மா தினம் வரட்டுமே. நல்லாருக்கு. நல்ல சேலை ஒண்ணு, புதுக் கூடை ஒண்ணு நாங்க தர்றோம்."

"எங்கம்மா வேஷம் போடல சார்."

"வேஷம்னு யார் சொன்னா? எப்படியும் போகத்தானே போறாங்க? யாரும் பார்க்காம போறதுக்கு, நாலு பேர் பார்க்கப் போனா பாதுகாப்புதானே."

"அவங்களுக்கு உடம்பு முடியாது."

"அப்ப வேற வழி இல்ல. கம்பெனி எடத்துல வயசானவங்க தனியா சுத்தக்கூடாது. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னையில்ல கேப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் வேற எடம் பார்த்துக்க வேண்டி வரும்."

அக்கா சுவரிலிருந்த மான் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள், "ஒரு நாளைக்கு ஒரு தடவதான் மணி. சரியா சார்?"

"சரி."

முதல் சில நாள் ஒரு தடவைதான் அடித்தது. தோட்டக்காரர் கூடப் போனார். புதுச் சேலையை அம்மா உடுத்த மறுத்துவிட்டாள். "கொழுந்து பறிக்கப் போறவ கல்யாணச் சேலையா கட்டுவா?" என்றாள். பழைய சேலையே படத்தில் நன்றாக விழுகிறது என்று மேனேஜரும் விட்டுவிட்டார். கூட்டம் கூடியது. காலையில் ஒரு பஸ், மதியம் ஒரு பஸ், தூரத்திலிருந்து வந்தவர்களை ஏமாற்றி அனுப்ப முடியுமா என்று சாயங்காலம் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் கூப்பிடு மணி. ஒவ்வொரு முறையும் அம்மா ஏறினாள், விடுமணிக்கு இறங்கினாள், சோற்றில் கை வைக்கும்போது மறுபடியும் மணி. தோட்டக்காரருக்கு ரோஜாப் பாத்தி வேலை வந்தபின் கூடப் போகவும் ஆள் இல்லை.

மதியம் ஒருநாள் அக்காவுக்குச் சாப்பாடு வாங்கிக்கொண்டு லயத்துக்குப் போயிருந்தேன். அம்மா வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதம் இரண்டும் வெடித்திருந்தன. அக்கா எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"இந்தத் துரை யாருடி?" என்றாள் அம்மா.

"ஏம்மா?"

"ரொம்பக் கெட்டவனா இருக்கான். பழையவன் ஒரு நாளைக்கு ஒரு தடவதான் கூப்பிடுவான். இவன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். எதுக்கு இவ்வளவு கொழுந்து இவனுக்கு? யாருமே நிறுக்கக்கூட இல்ல."

அக்கா எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள், மறுபடியும் பழைய இடத்துக்கே நகர்த்தினாள்.

அன்றைக்கே மேனேஜரிடம் போனாள். "சீசன் முடியட்டும், பார்க்கலாம்" என்றார் அவர்.

சீசன் முடியவில்லை, மழை வந்துவிட்டது. வானம் இருட்டிக்கொண்டு வந்த ஒரு சாயங்காலம், கடைசிக் கூட்டத்திடம் அக்கா மணியைத் தொட வேண்டாம் என்றாள். நான் அதை அவர்கள் மொழியில் இரண்டு முறை சொன்னேன். அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "இதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்" என்று சொல்லிக் கயிற்றைப் பிடித்தார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் முகம் மாறியது. மேனேஜர் வராந்தாவிலிருந்து, "என்னங்க இது, விடுங்க" என்றார். அக்கா விட்டாள்.

அவர் ஆசை தீர அடித்தார். உடனே மழை கொட்டியது. எல்லாரும் வராந்தாவுக்கு ஓடினார்கள். அக்கா மட்டும் அங்கேயே நின்று விடுமணி அடித்தாள். ஓர் அடி, காத்திருப்பு, இன்னோர் அடி. மழை தகரத்தில் அறைந்த சத்தத்தில் எனக்கே அது கேட்கவில்லை. கை ஓயும்வரை அடித்துவிட்டுச் சரிவுக்கு ஓடினாள், நானும் பின்னால் ஓடினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மா ஒரு நிரையின் முடிவில் குந்தியிருந்தாள். கூடை கவிழ்ந்து கிடந்தது. பறித்த கொழுந்தை நனையாமல் மடியில் கட்டி, அதன்மேல் குனிந்து கிடந்தாள். குளிரில் பல் அடித்துக்கொண்டது. "இன்னும் விடலடி" என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். அங்கே பார்வையாளர் நேரம் முடிந்ததும் ஆயா ஒருத்தி நடையில் நின்று மணி அடிப்பாள். அவசரமில்லாதவள். ஒன்று அடித்துவிட்டு, கதவோரம் நிற்கிறவர்களைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை அடிப்பாள். ஒருநாள் அது கேட்டதும் அம்மா கண்ணைத் திறந்தாள்.

"விட்டுட்டான்" என்றாள். "எந்திரி, போலாம்."

"போலாம்மா."

"கூடைய எடுத்துக்கோ."

"எடுத்துக்கிட்டேன்."

ஆயா வந்து, "பேஷண்ட் கூட ஒருத்தர்தான் இருக்கலாம்" என்றாள். நான் வெளியே வந்துவிட்டேன். விடிவதற்குள் அம்மா போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பினாள். அறை வேண்டுமே. மேனேஜர் துக்கம் விசாரித்தார். கொஞ்ச நாளைக்கு மணியை நிறுத்தி வைக்கலாமா என்று அவரே கேட்டார். "வேண்டாம் சார், நான் பார்த்துக்கிறேன்" என்றாள் அக்கா.

அன்றைய கூட்டத்துக்கு எல்லாம் வழக்கம்போல நடந்தது. மேசை, நாற்காலி, மான் தலை. தொட்டியருகே அந்த வரி வந்ததும் நிறுத்தினாள். "எங்க தாத்தா சுமந்தாரு. அதோட படுத்தவரு எந்திரிக்கல" என்றாள். எழுதிக் கொடுத்ததில் இல்லாதது. நான் அதையும் அவர்கள் மொழியில் சொன்னேன்.

புல்வெளிக்கு வந்ததும் மற்றவர்களுக்கு முன்னால் போய்க் கயிற்றைப் பிடித்தாள். மெதுவாக விடுமணி அடித்தாள். ஒவ்வோர் அடியும் முழுதாக அடங்கும்வரை நின்றாள். பிறகு மணிக்குள் கையை விட்டு அதன் நாக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப படம் எடுத்துக்கலாம்" என்றாள்.

"நாங்க ஒரு தடவ அடிக்கலாமா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அடிச்சாச்சும்மா."

"அந்தக் கூடைக்காரம்மா வரலையா?"

"வேலை முடிஞ்சு போய்ட்டாங்க."

அந்தப் பெண் சரிவைப் பார்த்தாள். சிலர் படம் எடுத்தார்கள். வராந்தாவில் மேனேஜர் வந்து நின்றார். அவர் பார்ப்பது அக்காவுக்குத் தெரியும். மாத முடிவில் அந்த அறை இருக்காது என்பதும் தெரிந்துதான் இருக்கும். கடைசி ஆள் பஸ்ஸில் ஏறும்வரை அவள் மணியின் நாக்கை விடவில்லை.