கேள்வியக்கா உருவாக்கிய தலைவர்கள்

மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தில் அவளை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எல்லோருக்கும் அவள் கேள்வியக்கா. அவள் நடத்திய தலைமைப் பயிற்சிக்கு வந்தவர்கள் என்ன கேட்டாலும் பதில் சொல்லாமல், "நீ என்ன நினைக்கிறே?" என்று திருப்பிக் கேட்டுவிடுவாள். அப்படி வந்த பெயர்.

ஆசியாவின் பல நாடுகளிலிருந்தும் கல்லூரி மாணவர்கள் வருவார்கள். தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த மாடிக் கட்டடத்தில் மடக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார வைப்பாள். மேடை கூடாது, மைக் கூடாது. ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறுகிறவர்கள்தான் முதலில் பேச வேண்டும். மற்றவர்களை வாய் திறக்கவிடாமல் பொழிந்து தள்ளுகிறவர்களை அன்றைக்குப் பாத்திரம் கழுவ அனுப்பிவிடுவாள். பைபிளில் திராட்சரசம் தீர்ந்துபோன கல்யாண வீட்டுக் கதையை வாசித்தால், இதில் யாருடைய குரல் கேட்கவில்லை என்று கேட்டு, கற்சாடிகளில் தண்ணீர் நிரப்பிய வேலைக்காரர்களைப் பற்றியே ஒரு காலை முழுக்கப் பேச வைப்பாள்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தம்பி குடும்பத்தோடு இருந்தாள். "கண்டம் முழுக்கத் தலைவர்களை உண்டாக்கிட்டு வர்றே. நம்ம தெருவுல குழாய் உடைஞ்சா போய்க் கேக்க ஒரு ஆள் இல்ல" என்று தம்பி கிண்டல் செய்வான். அவளும் சிரிப்பாள்.

அவள் கையில் வளர்ந்தவர்களில் ஒருவன் திக்குவாய்க்காரன். வந்த புதிதில் தன் பெயரைச் சொல்லவே திணறினான். அவன் சொல்லி முடிக்கும்வரை வேறு யாரும் அந்த வார்த்தையை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று வட்டத்துக்குக் கட்டளை போட்டாள். அவன் வேர்த்து விறுவிறுத்து பைபிளிலிருந்து ஒரு சங்கீதத்தை வாசித்து முடித்தபோது எல்லோர் கண்ணும் கலங்கிவிட்டது. பின்னால் அவனே இயக்கத்தின் பொதுச் செயலாளர் ஆனான். அவளுக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

பிரச்சினை வந்தது திருச்சபை நடத்திய ஒரு கல்லூரியில். அங்கே துப்புரவு வேலை பார்த்த பெண்களை மொத்தமாக நிறுத்திவிட்டு, அந்த வேலையை ஏஜென்சிக்குக் கொடுத்தார்கள். அந்த வருடம் கேள்வியக்காவின் பயிற்சி முகாமுக்கு வந்து போயிருந்த மாணவர்கள் முதல்வர் அறைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் உட்கார்ந்தவள், எல்லோரும் நெட்டை என்று கூப்பிட்ட இறுதியாண்டு மாணவி. "இந்தக் கல்லூரியில யாரோட குரல் கேக்கல?" என்று அட்டையில் எழுதிப் பிடித்திருந்தாள்.

உட்கார்ந்த எல்லோரையும் கல்லூரியிலிருந்து நீக்கினார்கள். மன்னிப்பு எழுதிக் கொடுத்தவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். நெட்டை மட்டும் எழுதவில்லை.

அந்தக் கல்லூரி நிர்வாகத்தின் தலைவர்தான் இயக்கத்தின் அறங்காவலர் குழுவுக்கும் தலைவர். அவள் வளர்த்த அந்தச் செயலாளன் அவசரமாகச் செயற்குழுவைக் கூட்டினான். கேள்வியக்கா உள்ளே போனபோது நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் பயிற்சி பெற்றவர்கள்.  அவள் பழக்கியபடியே ஒவ்வொருவராகப் பேசினார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை, குறுக்கிடவில்லை. இயக்கம் இப்படியெல்லாம் கற்றுக்கொடுக்கவில்லை, அந்தப் பெண் தன்னிச்சையாகச் செய்துவிட்டாள் என்று அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும், இயக்கத்துக்கு ஆபத்தில்லை என்றார்கள். அவ்வளவு கச்சிதமாக நடந்த கூட்டத்தை அவள் பார்த்ததே இல்லை. 

"நான்தானே கத்துக்குடுத்தேன். இல்லன்னு எப்படிச் சொல்ல?" என்றாள்.

செயலாளன் அவள் முகத்தையே பார்த்தான். திக்காமல், மெதுவாகச் சொன்னான். "அக்கா, நீங்க ரொம்பக் களைச்சிட்டீங்க. கொஞ்ச நாள் ஓய்வெடுங்க. நாங்க பாத்துக்கறோம்."

எல்லோரும் தலைகுனிந்து அவளுக்காக ஜெபித்தார்கள். ஆமென் சொன்னபோது அவளுக்கு இயக்கத்தில் வேலை இல்லை.

நெட்டைக்கு வேறு கல்லூரியில் இடம் வாங்கிவிடலாம் என்று அலைந்தாள். தெரிந்த முதல்வர்களுக்குக் குறைவில்லை. பலரும் அவளுடைய பழைய மாணவர்கள். வாசல்வரை வந்து அழைத்துப் போனார்கள். தேநீர் கொடுத்து முகாம் கதைகளைச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தப் பெண்ணின் பேச்சை எடுத்ததும் குரல் தணிந்தது. நிர்வாகம் ஒத்துக்கொள்ளாது, அக்காவுக்குத் தெரியாததா என்றார்கள். ஒருத்தி மட்டும் உண்மையாகவே அழுதாள். அழுததோடு சரி.

கடைசியில் நெட்டையின் வீட்டுக்குப் போனாள். அவளுடைய அப்பா தையல்காரர். முன்னறையில் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நாற்காலி போட்டார். மரியாதையாகத்தான் பேசினார். "உங்க வேலையும் போயிடுச்சுன்னு சொன்னாங்கம்மா. வருத்தமாத்தான் இருக்கு. ஆனா அதுல எம் பொண்ணு படிப்பு திரும்பி வரப்போறதில்ல" என்று சொல்லிவிட்டு, கழுத்துப்பட்டி தைக்க உட்கார்ந்தார்.

நெட்டை ஜெராக்ஸ் கடை வேலை முடிந்து வந்தாள். கேள்வியக்கா எங்கெங்கே போனாள், யார் யாரைப் பார்த்தாள் என்பதையெல்லாம் நின்றபடியே கேட்டுக்கொண்டாள்.

"கேள்வி கேக்கக் கத்துக்குடுத்தீங்க," என்றாள். "கேட்டதுக்கப்புறம் நம்மகூட யாருமே இருக்க மாட்டாங்கன்னு நீங்க சொல்லவே இல்ல. உங்களுக்குத் தெரியாதா, தெரிஞ்சும் சொல்லலியா?"

தெரியாது என்று சொன்னால் இத்தனை வருடம் என்ன கிழித்தாள்? தெரியும் என்று சொன்னால் அதைவிட மோசம். கேள்வியக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தையல்காரர் வாசல்வரை வந்து தெருவிளக்கு எரியவில்லை, பார்த்துப் போங்கள் என்றார்.

துப்புரவுப் பெண்களில் சிலர் ஏஜென்சி வழியாகக் குறைந்த கூலிக்கு அதே கல்லூரிக்கே போனார்கள். முகாம்கள் முன்னைவிடப் பெரிதாக நடந்தன. செயலாளன் இயக்கத்தின் ஆசிய அளவிலான அமைப்பில் பெரிய பதவிக்குப் போய்விட்டான். நன்றாகப் பேசுகிறான் என்று எல்லோரும் சொன்னார்கள். கேள்வியக்கா பக்கத்து டியூஷன் சென்டரில் ஆங்கில இலக்கணம் எடுக்கத் தொடங்கினாள். பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் உடனே விடையைச் சொல்லிவிடுவாள். நல்ல டீச்சர் என்று பெற்றோருக்கு அவள்மேல் திருப்தி.

ஒருநாள் நெரிசலான பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தாள். பக்கத்து சீட்டிலிருந்து ஒருத்தி எழுந்து, "உக்காருங்க" என்றாள். நெட்டை. கையில் மாலைக் கல்லூரி ஒன்றின் முதலாண்டுப் புத்தகங்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள். அதைத் தன்னிடம் சொல்லவில்லை என்பது கேள்வியக்காவுக்கு உறைத்தது. எந்தக் கல்லூரி, என்ன பாடம் என்று கேட்க வாயெடுத்தாள். நெட்டை புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆட்களை விலக்கியபடி முன்வாசல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.