பாக்கெட் வைத்த சுடிதார்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகிற பஸ்ஸில் சேலையோடு ஒருமுறை நின்று வந்துவிட்டு, பிறகு யாராவது எனக்குப் பண்பாட்டுப் பாடம் எடுக்கட்டும். வளைவுக்கு வளைவு ஒரு கை கம்பியைப் பிடிக்க வேண்டும், ஒரு கை கொசுவத்தைப் பிடிக்க வேண்டும். சாவிக்கும் செல்போனுக்கும் மூன்றாவது கையை ஆண்டவன் கொடுக்கவில்லை. மலைப்பள்ளியில் டீச்சராகச் சேர்ந்த முதல் வருஷம் இப்படியே போனது.

அப்போதுதான் எங்கள் ஊர்க் கடைவீதியில் அந்தப் பெண் தையல்கடை போட்டாள். ஜவுளி வியாபாரம் செய்யும் பாய் வீட்டுப் பெண், சென்னையில் டிசைனிங் படித்தவள். வேலைக்குப் போகிற பெண்களுக்கென்றே யோசித்துத் தைத்தது எங்கள் ஊரில் அவள்தான் முதல். முழங்கை வரை கை, முட்டிக்குக் கீழே இறங்கும் டாப், இரண்டு பக்கமும் ஆழமான பாக்கெட்.

"உள்ள கைய வுட்டுப் பாருங்க டீச்சர். சாவி, போனு, இன்னா வேணா போட்டுக்கலாம். பாக்கெட்டு ஆம்பளைங்களுக்கு மட்டும்தானா?"

கொஞ்ச நாளில் பேங்க், தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று எங்கே பார்த்தாலும் அவள் தைத்ததுதான். பெண்கள் கையை வீசிக்கொண்டு நடப்பதைப் பார்க்கவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எங்கள் தலைமையாசிரியை மட்டும் அசையவில்லை. சுடிதார் போடலாம் என்று அரசாங்கமே சொன்ன பிறகும், "சேலை கட்னாதான் புள்ளைங்க மதிக்கும்" என்பார். விடாமல் மல்லுக்கட்டினேன். ஒரு வழியாக இறங்கி வந்தார். "சரி, போட்டுக்குங்க. ஆனா ஆளுக்கொரு தினுசா இருக்கக் கூடாது."

இங்கேதான் எங்கள் டீச்சர்களின் புத்தி வேலை செய்தது. பொங்கல் என்றாலும் ஆண்டு விழா என்றாலும் ஒரே கலர் சேலை கட்டி போட்டோ எடுத்துக்கொள்கிற கூட்டம். எல்லோருக்கும் ஒரே துணி எடுத்துவிடலாம் என்று குதித்தார்கள். கலர் சண்டை ஓய்ந்ததும் தலைமையாசிரியை ஒரு திருத்தம் சொன்னார்.

"பாக்கெட்டு வாணாம். கைய உள்ள வுட்டுக்கினு நின்னா ரவுடி மாதிரி இருக்கும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். "அதான் பேக் இருக்குதே" என்று பக்கத்து டீச்சர் எனக்கே சமாதானம் சொன்னார். நான் தொண்டை கிழியக் கத்தியதே அந்தப் பாக்கெட்டுக்காகத்தான்.

அவளாவது மறுப்பாள் என்று தையல்கடைக்கு ஓடினேன். "மொத்த ஆர்டர் டீச்சர், நான் இன்னா செய்யறது?" என்றாள். யாருக்கும் தெரியாமல் எனக்கு மட்டும் ஒரு பாக்கெட் வைத்துக் கொடு என்று கெஞ்சினேன். "மத்தவங்க சும்மா வுடுவாங்களா?" என்றாள்.

தைத்த துணியை வாங்கப் போன அன்று அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"சின்னசேலம், நைனார்பாளையத்துலலாம் டீச்சருங்க இந்த பாக்கெட்டு இல்லாததுதான் கேக்கறாங்க. நீங்கதான போராடி சுடிதாருக்கு பர்மிஷன் வாங்கிக் குடுத்தீங்க, அதான் உங்க பேரையே வெச்சிட்டேன்."

கடை வாசல் பொம்மைக்கு அதைத்தான் மாட்டியிருந்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் கொட்டை எழுத்தில் இருந்தது: மலை டீச்சர் மாடல்.