அடிபம்பு வழியாக வந்த யுத்தம்

எங்கள் வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். எழுபத்தொன்றில் கிழக்கு எல்லையில் நடந்த யுத்தத்தில் இருந்தவர். அந்த யுத்தத்தை எனக்கு யார் சொன்னது என்று கேட்டால், பக்கத்து வீட்டுக்காரி என்றுதான் சொல்ல வேண்டும். இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இவர் பட்டாளத்தைவிட்டு வந்த பிறகு ஸ்ரீபெரும்புதூரில் ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் வரிசையாகக் குடித்தனங்கள், எல்லாருக்கும் பொதுவாக வாசலில் ஒரு அடிபம்பு. எங்கள் சுவரை ஒட்டிய வீட்டில் இவருடைய பட்டாளத்துச் சிநேகிதர் இருந்தார். தொடையில் குண்டுச் சில்லு பாய்ந்து, கொஞ்சம் சாய்ந்து நடப்பார். நெடுஞ்சாலையில் ஒரு கம்பெனியின் கேட்டில் அவர் வாட்ச்மேன். அதே கம்பெனியின் ஷிஃப்ட் பஸ்ஸுக்கு இவர் டிரைவர். லீவு நாளில் இரண்டு பேரும் பின்பக்கம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தால் பாதி இந்தி, பாதி சிரிப்பு. நான் டீ கொண்டுபோனால் பேச்சு நின்றுவிடும். டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி தொடங்கும். வீட்டுக்குள் வந்தாலோ குழம்பில் உப்பு, மழை, பஸ் டயர், அவ்வளவுதான்.

பூக்காரம்மா ஒருநாள் சொன்னாள்: "உம் புருசன் வாய்க்குப் பூட்டு போட்டு, சாவிய பக்கத்து வூட்ல குடுத்து வெச்சிகீறாரு." மனிதர்கள் போகிற போக்கில் இப்படி ஒன்று சொன்னால் நான் முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிடுவேன். நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பேன். இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஏனென்றால் அந்தச் சிநேகிதர் தன் பெண்டாட்டியிடம் ஒன்று விடாமல் சொல்லுவார். அவள் என்னைவிடச் சின்னவள். பம்பை அடித்துக்கொண்டே என் புருஷனைப் பற்றி எனக்குச் சொல்லுவாள். பாலம் உடைந்து கிடந்ததாம். படகுகளைச் சேர்த்துக் கட்டிப் பலகை போட்டு, அதன்மேல் இவர் லாரியை ஓட்டினாராம். ஊரைவிட்டு ஓடிவந்த ஜனங்கள் ரோடு முழுக்க நடக்க, ஹாரன் அடிக்க மனசு வராமல் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனாராம். "அண்ணன் சொல்லலியாக்கா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். சொன்னார் சொன்னார் என்று குடத்தை வெடுக்கென்று தூக்குவேன். பாதித் தண்ணீர் என் புடவையில் இருக்கும்.

ஒருநாள் தாங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தவரிடம், "லாரிய பள்ளத்துல எறக்கிட்டு அழுதியாமே" என்றேன். லாரி மணலில் சிக்கியது என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். ஆத்திரத்தில் என் வாய்க்கு வந்தது பள்ளமும் அழுகையும்.

சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது. "பள்ளமா? ஆத்து மணலு. நான் எங்க அழுதேன்? பொகை கண்ணுல பட்டுது." பிறகு அவரே தொடர்ந்தார். கரையோரம் நாணல் எரிந்துகொண்டிருந்ததாம். சக்கரத்துக்கு அடியில் போட ஒன்றும் அகப்படாமல், போர்த்திக்கொள்ளும் கம்பளிகளையே போட்டு லாரியை ஏற்றினார்களாம். கம்பளி விஷயம் பம்படிக்கு வரவே இல்லை. அது எனக்கே எனக்கென்று வந்தது.

எனக்கு வழி தெரிந்துவிட்டது. இந்த மனிதரிடம் கேட்டால் வராது. தப்பாகச் சொன்னால் பொறுக்கமாட்டார். காலையில் பம்படியில் அவள் சொன்னதை வாங்கி, சாயங்காலம் ஒரு கோணல் வைத்து இவர் முன்னால் போடுவேன். அவள் சொன்ன வெயிலை நான் மழையாக்குவேன். மழை என்று எவன் சொன்னான் என்று ஆரம்பிப்பார். சரணடைந்த சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு போனபோது ஒருவன் பீடி கேட்டது, பாதி குடித்துவிட்டு மீதியை இவரிடமே திருப்பி நீட்டியது, இதெல்லாம் அப்படி வந்ததுதான்.

ஒருநாள் பம்படியில் அவள் முகம் கொடுக்கவில்லை. என்னடி என்றேன்.

"உங்க பேச்ச எடுத்தாலே எனக்கு எரியுதுக்கா" என்றாள்.

அடிபட்ட அன்றைக்கு அவள் புருஷனை என் புருஷனின் லாரியில்தான் ஏற்றினார்களாம். கண்ணை மூட விடாதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். காலையில் கிளம்பி மத்தியானம் ஆஸ்பத்திரி சேரும்வரை, வண்டி ஓட்டிக்கொண்டே இவர் பின்பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டு போனாராம். எல்லாம் என்னைப் பற்றி.

"காலு வலிச்சா போதும், எங்க வூட்டுக்காரு அண்ணி அண்ணின்னு உங்க கததான். நீங்க கண்டக்டர்கிட்ட சண்ட போட்டது, கல்யாணத்தன்னிக்கு மூக்குத்தி தொலச்சது. என்னப் பத்தி யாரு அப்படிப் பேசிகீறாங்க?"

நான் அவளைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேன், அவள் என்னைப் பார்த்து. சிரித்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. இந்த ஊமை என்னைப் பற்றி வாய் ஓயாமல் பேசியிருக்கிறார், கேட்டுக்கொண்டு படுத்திருந்தது இன்னொருத்தர்.

இரண்டாம் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரிடம் கோணலை வைத்தேன். "குண்டடிபட்டவன தூங்கவிடாம உங்கம்மாவப் பத்தியே பேசிகினு போனியாமே?"

காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "அம்மாவப் பத்தி இல்ல" என்றார்.

"பின்ன?"

"நீ வேணும்னுதான் தப்பு தப்பா கேக்கறேன்னு எனக்குத் தெரியாதா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் கோபிக்கவில்லை.

"உம் மூக்குத்தி கததான் சொன்னேன். ஆனா அது தொலையல. தலகாணிக்கு அடில வெச்சிட்டு மறந்துட்ட, உடனே கெடச்சிச்சி. தொலஞ்சிச்சின்னு நான்தான் அவன்கிட்ட அடிச்சி வுட்டேன். கெடச்சிதா, கெடச்சிதான்னு கேட்டுகினே இருந்தான். ஆஸ்பத்திரி வாசல்லதான் கெடைக்க வுட்டேன்."

"கதைல எங்கெங்க தேடின?"

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.

"எனக்கும் தொடைல ஒரு சில்லு பாஞ்சாத்தான் சொல்லுவியா?" என்றேன்.

செருப்பில் நுழைத்த காலை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். முதலில் மணவறையில் சிதறிய அட்சதையைக் கூட்டி, முறத்தில் போட்டுப் புடைத்தாராம். அப்புறம் என் மாமன்காரர்களை வரிசையாக நிற்க வைத்து வேட்டியை உதறச் சொன்னாராம். அன்றைக்குச் சமையல்பந்தல் வரைதான் தேடினார். வாசலில் சிநேகிதர் கூப்பிட்டுவிட்டார், பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று.